புயல் சேதக் க்ளெய்ம்: பப்ளிக் அட்ஜஸ்டரிடம் இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம்

வணக்கம். ஃபுளோரிடாவில் புயலில் கூரை போய், காண்ட்ராக்டர் 31,000 டாலர் கேட்க, இன்ஷூரன்ஸ் 14,000 மட்டும் தருகிறது, பப்ளிக் அட்ஜஸ்டரை (உங்கள் சார்பில் கமிஷனுக்குக் கம்பெனியோடு க்ளெய்மைப் பேசுபவரை) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 14,000 எப்படி வந்தது என்று பாருங்கள். புயலுக்கான டிடக்டிபிள், அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, தனி. பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். அதோடு தேய்மானத்தையும் கழித்திருப்பார்கள். தேய்மானப் பணம் பல பாலிசிகளில் வேலை நடக்க நடக்க வந்துவிடும். அதற்குப் போய் யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். கம்பெனியின் விரிவான எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்கி, காண்ட்ராக்டருடையதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். விட்டுப்போனவற்றுக்குப் படங்களோடு கூடுதல் க்ளெய்ம் நீங்களே போடலாம். மாநில நிதிச் சேவைத் துறையின் சமரசப் பேச்சுக்கும் போகலாம், அதன் செலவு கம்பெனியுடையது.

சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலோ, அது பழைய கசிவு என்று கம்பெனி மறுத்தாலோ அட்ஜஸ்டரை வைப்பது நியாயம்தான். கவர்னர் அவசரநிலை அறிவித்த புயல் என்றால், அந்த அறிவிப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்ட க்ளெய்முக்கு அவர் கட்டணம் கம்பெனி தரும் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மற்றவற்றுக்கு 20. ஏற்கெனவே வந்த 14,000-இல் அவருக்குப் பங்கு கிடையாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், லைசென்ஸையும் சரிபாருங்கள்.

அப்புறம், கூரை போடும் காண்ட்ராக்டரே "க்ளெய்மையும் நான் பேசி முடிக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்வது அங்கே சட்டவிரோதம்.