கல்யாண வீடியோ எடிட் செய்ய லிக்விட் கூலர் வேண்டுமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ரைசன் 7 7700 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு போட்டுப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு லிக்விட் கூலர் இல்லாம தாங்காது சார்" என்கிறார் கடைக்காரர். அறையில் ஏசி கிடையாது. வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். ஏசி இல்லாத அறை என்பதற்காக லிக்விட் கூலர் போடச் சொல்வதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் பிராசஸருக்கு மாட்டுகிற லிக்விட் கூலர், ஏர் கூலர் என்ற இரண்டு வகையுமே கடைசியில் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ஏர் கூலரில் செம்புக் குழாய்கள் சூட்டை அலுமினியத் தகடுகளுக்கு ஏற்றும், ஃபேன் அதை ஊதித் தள்ளும். லிக்விடில் அதே வேலையை ஒரு பம்ப் திரவத்தைச் சுற்றவிட்டுச் செய்கிறது, அந்தத் திரவம் சூட்டை இறக்கிவிடும் ரேடியேட்டரில் ஊதுவது அங்கேயும் ஃபேன்தான். மே மாதம் உங்கள் அறை 38 டிகிரியில் கொதித்தால், எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்தாலும் பிராசஸர் அதற்குக் கீழே வராது.

சரி, உங்கள் பிராசஸர் எவ்வளவு சூடு தரும்? 7700-க்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்வது 65 வாட், முழு மூச்சில் ஓடும்போது 88 வாட் வரை போகும். அவ்வளவுதான். அதன் எல்லை 95 டிகிரி, அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர எரிந்துபோகாது. பிராசஸர் பெட்டியோடு ரெய்த் பிரிசம் என்ற கூலரும் சும்மா வருகிறது. அதுவே போதும், ஆனால் கோடையில் இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் நன்றாக இரையும். அது தொல்லை என்றால் நான்கு ஹீட்பைப் (மேலே சொன்ன செம்புக் குழாய்), ஒரு 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று வாங்குங்கள், கதை முடிந்தது. வாங்கும் முன் அதன் உயரம் உங்கள் கேபினட்டுக்குள் அடங்குமா என்று பாருங்கள். பெரிய மாடல்கள் 165 மிமீ வரை நிற்கும், பக்கக் கதவு மூடாது.

கடைக்காரர் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கேபினட்டுக்குள் பெரிய அடுப்பு பிராசஸர் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டுதான். 4070 மட்டுமே 200 வாட் இழுக்கும். பிராசஸருக்கு மாட்டுகிற லிக்விட் கூலர் அதற்கு ஒன்றும் செய்யாது. ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் சூடான காற்றைக் கார்டின் மேலேயே ஊதிவிடும். அதனால் மிச்சமாகும் பணத்தை முன்பக்கம் வலை வைத்த கேபினட்டிலும் இரண்டு மூன்று ஃபேன்களிலும் போடுங்கள். முழுக் கண்ணாடி முகப்பு, உள்ளே கலர் கலராக விளக்கு, பார்க்க அழகுதான், காற்று எந்த வழியாக உள்ளே போகும்? சோதிக்கவும் வழி உண்டு. எக்ஸ்போர்ட் ஓடும்போது வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு பக்கக் கதவைக் கழற்றுங்கள், கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் கோளாறு கூலரில் இல்லை, கேபினட்டில்.

லிக்விடே வீண் என்று சொல்லவில்லை. 253 வாட் வரை போகிற இன்டெல் ஐ9 14900கே மாதிரி ஒன்றை மணிக்கணக்காக ரெண்டர் ஓட்டினால் 360 மிமீ ரேடியேட்டர் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பம்ப் என்பது தேயும் பொருள். ஏர் கூலரில் ஃபேன் போனால் புது ஃபேன் மாட்டிவிட்டுப் போகலாம், இதில் பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: 240 மிமீ லிக்விட் கூலர் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் களக் களக்கென்று சத்தம் வருகிறது. லீக்காக இருக்குமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லீக் என்றால் ஈரம் தெரியும், டியூப் சேரும் இடங்களில் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அது காற்றுக் குமிழி. உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது இருப்பதிலேயே உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் சத்தமும் வரும், பம்பும் சீக்கிரம் போகும். ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்பக்கம் மாட்டுவது நல்லது. முன்பக்கம்தான் இடம் என்றால் அதன் மேல் விளிம்பாவது பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். அப்புறம், வருடம் ஆக ஆக டியூப் வழியாகத் திரவம் துளித்துளியாக ஆவியாகிக் குறையும், பெரும்பாலான மாடல்களில் திரும்ப ஊற்றவும் முடியாது. மாற்றி மாட்டியும் சத்தம் நிற்கவில்லை, சூடும் ஏறுகிறது என்றால் பில்லைத் தேடி எடுங்கள், வாரண்டி பாக்கி இருக்கலாம்.