அரை நிமிஷச் சண்டைக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமா கதைக்குள்ள ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுல ஒரு சண்டை முடிய ஒரு மணி நேரம் ஆகுது, கதையில அரை நிமிஷம்தான்னு ஆட்டத்தை நடத்துற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சொல்றார். ஆனா ஒரு வாரப் பயணம் ஒரே வரியில முடிஞ்சிடுது. என்ன கணக்கு சார் இது?

பதில்: கணக்கு சரிதாங்க. இப்ப சண்டையில ஒரு ரவுண்டுன்னா கதையில 6 செகண்ட், எல்லாரோட டர்னும் (அவங்கவங்க முறை) அதுக்குள்ள அடக்கம், அஞ்சு ரவுண்டு போனாலும் 30 செகண்ட்தான், எந்த மந்திரம் விடலாம்னு நாம யோசிக்கிறதுதான் இழுக்குது. 1979ல வந்த ரூல் புக்ல ரவுண்டே 1 நிமிஷம், பாதாளத்துல சுத்துறதுக்கு 10 நிமிஷக் கணக்கு, அதுக்கும் டர்ன்னுதான் பேரு, 6 டர்ன் போனா தீப்பந்தம் காலி, அதனால பேப்பர்ல டிக் அடிச்சுக்கிட்டே ஆடுவாங்க (எனக்கு அதுதான் பிடிக்கும்). பயணத்தைத் தாண்டிப் போறது தப்பில்ல, ஆனா தெம்பெல்லாம் திரும்ப வர்ற நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட் 24 மணி நேரத்துல ஒண்ணுதான்கிறத மட்டும் விடாதீங்க, இல்லேன்னா ஒவ்வொரு சண்டைக்கும் அப்புறம் தூங்கி எழுந்து ஃபுல் தெம்பா வந்து நிப்பாங்க.