வாசிக்கிறேன், எழுதுவதில்லை: பிழையா?

கேள்வி: நெல் விதைக்கிற ஆட்களின் வட்ஸ்அப் குறூப் ஒன்றில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு வரி எழுதியதில்லை, ஆனால் வருகிறதெல்லாம் வாசிப்பேன். போன காலபோகத்தில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்தபோது அதில் ஒருவர் சொன்னபடி தண்ணியை வடிய விட்டுத்தான் பாதி வயலையாவது காப்பாற்றினேன். "நீ ஒளிச்சிருந்து மற்றவன்ர அனுபவத்தைத் திண்கிறாய்" என்று மச்சான் பகிடியாகச் சொன்னது மனதில் நிற்கிறது. நான் செய்வது பிழையா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வயது எழுதவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். பிழையில்லை தம்பி, இணையத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் கூட. இணையப் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு கணக்கு எழுதினார்: 100 பேரில் 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் இடைக்கிடை எழுதுவார்கள், மிச்ச ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். குத்துமதிப்புத்தான். ஆங்கிலத்தில் உங்களை லர்க்கர், அதாவது பதுங்கியிருப்பவர், என்பார்கள். சொல்லிலேயே களவுத்தனம் ஏற்றிவிட்டார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

கிளிநொச்சியில் நடக்கிற இரணைமடுச் சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். குளத்தில் இருக்கிற தண்ணிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எப்போது திறக்கிறது என்று முன்னுக்கு நாலு பேர் தொண்டை கிழியக் கதைப்பார்கள், கதவடியில் நிற்கிற ஐயா வாயே திறக்கமாட்டார், ஆனால் வாய்க்கால் துப்புரவாக்க மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பதும் அவராக இருக்கும். அவரை ஒளிச்சிருந்தவர் என்பீர்களா? வட்ஸ்அப் குறூப்பில் 1024 பேர் வரை சேரலாம். அத்தனை பேரும் எழுதத் தொடங்கினால் அறக்கொட்டியான் செய்தி காலை வணக்கத்துக்குள் தாண்டுபோகும். ஒளிக்கவும் ஏலாது: நீலச் சரியை நிறுத்திவைத்தாலும் குறூப்பில் யார் வாசித்தார் என்பது செய்தி போட்டவருக்குத் தெரியும்.

(செத்தவீட்டுச் செய்தி வருகிற சொந்தக்காரர் குறூப் வேறு கதை. அங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மனத்தாங்கல்தான்.)

சரி, மச்சான் சொன்னதிலும் ஒரு துளி இருக்கிறது. தண்ணியை வடிய விடச் சொன்னவருக்கு உங்கள் பாதி வயல் தப்பியது தெரியாது. அடுத்த காலபோகத்தில் வேறொருவர் கேட்டால், பலித்ததா இல்லையா என்று தெரியாமலே அதே பதிலைச் சொல்லப்போகிறார். என்ன நெல், எத்தனை நாள் வடிய விட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது, இவ்வளவும் போதும். பொதுவில் போட வெட்கமென்றால் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். எழுத்துப்பிழைக்குப் பயமென்றால் குரல்பதிவு இருக்கிறதே.