கத்தி அலகில் முத்திரையின் ஓரம் பரவுவது பற்றி

வணக்கம். 12 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) அடாப்டரும் உப்புநீரும் கொண்டு கார்பன் எஃகுக் கத்தியில் பொறித்த முத்திரையின் ஓரங்கள் பரவுவதாகவும், எழுத்துகள் கறுக்காமல் வெளிறி நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

ஓரம் பரவுவதற்குப் பெரும்பாலும், உப்புநீரில் நனைத்து அலகின்மேல் வைக்கும் பஞ்சில் உள்ள அதிகப்படியான நீரே காரணம். அது வினைல் ஸ்டென்சிலின் (முத்திரையின் வடிவம் மட்டும் திறந்திருக்கும்படி வெட்டி அலகில் ஒட்டும் தாளின்) அடியில் கசிந்து, மறைத்திருக்கும் எஃகையும் அரிக்கிறது. பஞ்சைப் பிழிந்து, ஈரம் மட்டும் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்தால் அலகு சூடேறி ஸ்டென்சிலின் பசை இளகிவிடும் என்பதால், சில விநாடிகள் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்த இடத்தில் விரல் படவே கூடாது.

அலகை நேர்முனையில் இணைத்துச் செலுத்தும் நேர்மின்னோட்டம் உலோகத்தைக் கரைத்துப் பள்ளம் மட்டுமே தரும். கருமை வேண்டுமானால், பள்ளம் விழுந்தபின் ஸ்டென்சிலை எடுக்காமலேயே சிறிது நேரம் மாறுமின்னோட்டம் (AC) கொடுக்க வேண்டும். அதற்குக் குறைமின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரையே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பது உயிருக்கே ஆபத்து.

முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிடுங்கள். எஞ்சிய உப்பு கார்பன் எஃகை விரைவில் துருப்பிடிக்க வைக்கும்.