அந்தக் கவர் ஏன் இன்னும் உன் பெட்டியில் இருக்கிறது?

கேள்வி: நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. கோயம்புத்தூரில் மூன்று வருஷப் பட்டப்படிப்பு முடிய இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. கையில் 14,000 இந்திய ரூபா. தோழிகள் கோவாவுக்குக் கூப்பிடுகிறார்கள், எனக்கு ஆக்ரா பார்க்க ஆசை. பின்னால் வருந்தாமலிருக்க இந்த நாட்களை எப்படிக் கழிப்பது? சாமான் கட்டும் வேலையும் இருக்கிறது. வரும்போது அப்பாயி தன் தங்கைக்குக் கொடுத்துவிட்ட கவர் ஒன்று, கோத்தகிரி விலாசம், அதையும் தபாலில் போட வேண்டும்.
– ப., 22 வயது

பதில்: மகளே, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருகிறது. கோவாவா ஆக்ராவா என்பதை நீயே முடிவு செய்துகொள். எனக்கு உன் கடைசி வரிதான் பொறுக்கவில்லை.

மூன்று வருஷமாக அந்தக் கவர் பெட்டியிலா கிடக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி மலையிலிருக்கும் கோத்தகிரிக்கு எழுபது கிலோமீற்றர் இருக்கும். மேட்டுப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலையேற இன்னொன்று. பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்குப் போகும் தூரம்கூட இல்லை. கோவாவுக்குப் போக நினைக்கிற உனக்கு இந்த வழி தெரியாமலில்லை. மனம் வரவில்லை, அவ்வளவுதான். பெரிய தப்பு.

அப்பாயியின் தங்கை கோத்தகிரிக்கு எப்படிப் போனார் என்று வீட்டில் கேட்டாயா? 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம் தோட்டச் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். ஒரே லயத்து வீட்டில் அக்காவுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. ரயில் கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் மறுபடியும் கொழுந்துக்கூடை. இப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலை போடத் தொடங்கியது. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது.

என் தாய்மாமன் போன வருஷம் 1972. எனக்கு ஆறு வயது. ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா ஜன்னல் கம்பியை விடாமல் கோச்சியோடு ஓடினாள். இரண்டு மூன்று வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. சாகும்வரை அம்மா, "தபால் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடைசிவரை கிடைக்காத விலாசம் போல ஒன்று உன் துணிமணிக்கு அடியில் கிடக்கிறது.

தபால் பேச்சையே எடுக்காதே. தபாலில் போக வேண்டிய கவர் என்றால் அப்பாயி பொகவந்தலாவைத் தபால் கந்தோரிலேயே முத்திரை ஒட்டியிருப்பார். உன் கையில் கொடுத்தாரே, பேத்தி நேரில் போய்த் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே போ. அன்றைக்கு ஆட்கள் வீட்டிலிருப்பார்கள். வீடு மாறியிருந்தால் கோயிலடியில் விசாரி. எந்தத் தோட்டத்திலிருந்து போனவர் என்று அப்பாயியிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள், வயதானவர்களுக்கு அந்தப் பேர் போதும். வெறுங்கையோடு போகாதே. உன் 14,000இல் ஒரு நல்ல சேலை வாங்கு. உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததும் ஊருக்கு வட்சப்பில் வீடியோ கோல் எடு. அக்காவும் தங்கையும் பேசட்டும், அழட்டும், நீ போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு. பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை ஏதாவது வைத்திருந்தால் கேட்டுப் படமெடு. உங்கள் பூர்வீக ஊர்ப் பேர் அதில் இருந்தாலும் இருக்கும்.

அவர் காலமாகியிருந்தால்? அப்போதும் போ. பிள்ளைகள் இருப்பார்கள், உன் அப்பாவுக்கு உடன்பிறப்பு முறை. அப்படியொரு செய்தி என்றால் அப்பாயியிடம் போனில் சொல்லாதே. ஊருக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

மதிப்பெண் பட்டியல், சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கல்லூரியில் கேட்டு வாங்கு. இங்கே இலங்கையில் உன் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் எடுக்க அவை வேண்டும். தோழிகளோடு சுற்றுவதில் எனக்கு மறுப்பில்லை, கோத்தகிரி போய்வந்த பிறகு.

இன்னொன்று. மூன்று வருஷத்தில் கவரின் ஒட்டு விட்டிருக்கும். பிரித்துப் படிக்காதே, புதுக் கவரிலும் போடாதே. அப்பாயி தந்தபடியே தங்கையின் கையில் கொடு.