அன்றைய ஹோம்ஸ்டெட் (அரசு தந்த நிலத்தில் குடியேறிப் பயிர் செய்த) குடும்பங்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்களா?

இல்லை. அமெரிக்காவில் 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, சிறு கட்டணம் கட்டி, 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை அரசு நிலம் சொந்தமானது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. இதை விட்டுவிட்டு அந்த வாழ்க்கையைக் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெப்ராஸ்கா, கான்சாஸ் சமவெளிகளில் மரமே அரிது. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். விறகு இல்லாததால் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்தார்கள். உருளைக்கிழங்கு, காய்கறி, பால், முட்டை எல்லாம் வீட்டிலேயே கிடைத்தன. ஆனால் உப்பு, காபி, துணி, கலப்பை, முள்கம்பி எல்லாம் கடையிலிருந்துதான் வந்தன, பல சமயம் கடனுக்கு. கோதுமையை விற்க ரயில் வேண்டும். அக்கம்பக்கத்தார் உதவியில்லாமல் கதிரடிப்பும் நடக்காது. மழை குறைந்த இடங்களில் 160 ஏக்கரும் போதவில்லை. பலர் பாதியிலேயே நிலத்தை விட்டுப் போனார்கள்.

இன்று அப்படியொரு வாழ்க்கையைத் தொடங்க நினைத்தால், முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் நிலத்தை. பணவரவுக்கு ஒரு வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். காய்களைக் கண்ணாடிச் சாடியில் பதப்படுத்துவதில் மட்டும் அவசரம் வேண்டாம். பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காய்களுக்கு வெறும் கொதிநீர் போதாது. சுமார் 116 டிகிரி செல்சியஸ் எட்டும் பிரஷர் கேனர் (சாடிகளை அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) தேவை. இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம்.