பழைய பைலட் புத்தகத்துக்கு 3,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய 24 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். அடிப்பாகம் தண்ணீருக்குள் 1.2 மீட்டர் இறங்கும். மாண்ட்வா, அப்புறம் தரம்தர் உப்பங்கழி வரை போக ஆசை. இணையத்தில் ஒருவர் மேற்குக் கடற்கரைக்கான பைலட் புத்தகத்தை, அதாவது படகோட்டிகளுக்கான வழிகாட்டி நூலை, 3,000 ரூபாய்க்கு விற்கிறார். பதினைந்து வருஷப் பழசு. வாங்கலாமா, அல்லது போனில் இருக்கும் ஆப் போதுமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். முதலில் இந்த ஆண்டின் ஓத அட்டவணையை வாங்குங்கள்; கடல் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும், இறங்கும் என்று அதில் இருக்கும். டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கடல் வரைபடமும் அவர்களுடையதே. புத்தகம் மூன்றாவதுதான்.

பைலட் புத்தகத்தில் எது கெடும், எது கெடாது என்று பார்க்க வேண்டும். எந்தக் குன்றை அடையாளம் வைத்து உள்ளே வருவது, எந்தக் காற்றில் முகத்துவாரத்தில் அலை உடையும், நங்கூரம் எங்கே பிடிக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மிதவை, விளக்கு, ஆழம் மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு மழைக்காலம் போதும், சேற்றுத்திட்டு இடம் மாறிவிடும். அதோடு, அரசுகள் போடும் பைலட் புத்தகங்கள் பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து எழுதியவை. உங்கள் கழிக்கு அதில் பெரிய இடம் இருக்காது.

ஆப்பில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஆழம் பழைய அளவீட்டில் எடுத்ததுதான். படம் பெரிதாகும், விவரம் கூடாது.

கணக்கு எளிதுதான். வரைபடத்தில் அடிக்கோடிட்ட 0.6 என்றால், கடல் மிகவும் வற்றும்போது அந்த இடம் தண்ணீருக்கு மேல் 0.6 மீட்டர் தெரியும் என்று பொருள். அட்டவணைப்படி அந்த நேரத்து ஓதம் 2.5 மீட்டர் என்றால் ஆழம் 1.9. உங்கள் படகு 1.2 போக, மிச்சம் 0.7. அடிக்கோடு இல்லாத 0.6 என்றால் கூட்ட வேண்டும், ஆழம் 3.1. இந்தச் சின்னக் கோட்டைக் கவனிக்காமல் நானும் ஒரு முறை நண்பர் படகில் சிவ்ரி பக்கம் சேற்றில் உட்கார்ந்து, பொழுது போகும் வரை ஃபிளமிங்கோ எண்ணியிருக்கிறேன்.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் நான்கு மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும், மாலை ஆறு மணிவாக்கில் வற்றிவிடும். காலையில் ஜாலியாக உள்ளே போய், சாப்பிட்டு, நான்கு மணிக்குத் திரும்பினால் நடுவழியில் படகு தரை தட்டும். கழிக்குள் எப்போதும் தண்ணீர் ஏறும்போதே போங்கள். தட்டினாலும் அடுத்த அரை மணியில் தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில் தட்டினீர்களோ, அடுத்த ஏற்றங்கள் அத்தனை உயரம் வராமல் இரண்டு வாரம்கூட அங்கேயே கிடக்கலாம். இங்குள்ள கோலி மீனவர்கள் கடல் ஏறுவதை 'பர்தி' என்றும் வற்றுவதை 'ஓஹோட்டி' என்றும் சொல்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் முதல் பயணத்துக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், பணம் கொடுக்கும் முன் பதிப்பாண்டு அச்சிட்ட பக்கத்தையும், திருத்தங்கள் குறித்த பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடையோ இணைய வியாபாரியோ 'புதிய பதிப்பு' என்று சொல்லிப் பழையதைத் தந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருங்கள். தன் வீட்டுப் புத்தகத்தை விற்கும் தனி நபரிடம் நுகர்வோர் சட்டம் பெரிதாக உதவாது. உங்களுடையவர் அப்படிப்பட்டவர் என்றால் பேரம் பேசுங்கள். 800 ரூபாய்க்கு இறங்கினால் நானே வாங்குவேன்.